குளுவாங்கைச் சுற்றிக் குடும்பத்தோடு ஒரு நடை



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நடையைப் பற்றி ஓர் ஆசிரியர் வந்து சொல்லித் தரவேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். விடியுமுன் பெரட்டுக் களத்துக்கு நடந்தவர்கள் நம் பெரியவர்கள். நிரை நிரையாக மரம் வெட்டி, மங்கு மங்காகப் பால் எடுத்து, காண்டா வாளியைத் தோளில் சுமந்து கொட்டகைக்கு நடந்தவர்கள். அவர்கள் நடந்த தூரத்தைக் கூட்டிப் பார்த்தால் இந்தத் தீபகற்பத்தைப் பலமுறை சுற்றி வந்திருப்பார்கள். ஆனால் அது கூலிக்காக நடந்த நடை. தாயும் தகப்பனும் பிள்ளைகளும், முடிந்தால் தாத்தா பாட்டியும் சேர்ந்து, ஓய்வு நாளின் காலையில், பார்ப்பதற்காகவும் பேசுவதற்காகவும் நடக்கும் நடை ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

வகுப்பில் பிள்ளைகளிடம் "விடுமுறையில் எங்கே போனீர்கள்?" என்று கேட்டால் ஜொகூர் பாருவில் உள்ள பேரங்காடிகளின் பெயர்களை ஒப்புவிக்கிறார்கள். "லம்பாக் மலைக்குப் போனதுண்டா?" என்றால் பாதிப் பேருக்கு மேல் இல்லை என்கிறார்கள். அந்த மலையைத் தினமும் பேருந்துச் சன்னல் வழியாகப் பார்க்கிற பிள்ளைகள்தான் இவர்கள்! பேரங்காடிக்குப் போய் வர ஒரு குடும்பத்துக்கு எத்தனை வெள்ளி செலவாகிறது என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்து நாட்டில் சிறு சிறு சந்தை ஊர்கள் உண்டு. வாரம் ஒரு நாள் சுற்றுவட்டார விவசாயிகள் கூடி விற்கும் சதுக்கம், ஒரு பழைய தேவாலயம், ஓர் ஆறு, சுற்றிலும் வயல்கள். அந்த ஊர்களில் ஓய்வு நாளில் குடும்பங்கள் நடக்கப் புறப்படுவது நெடுநாள் பழக்கம். சந்தைச் சதுக்கத்தில் தொடங்கி, வயலோரமாகச் சென்று, ஆற்றைக் கடந்து, நாலைந்து கிலோமீட்டரில் அதே சதுக்கத்துக்கே திரும்பி விடுவார்கள். அங்கே ஒரு வியப்பான ஏற்பாடு உண்டு. வயல் ஒருவருடைய சொந்த நிலமாக இருந்தாலும், அதனூடே பொதுமக்கள் நடக்கும் பாதைக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. நிலக்காரர் அதை அடைக்கக் கூடாது. இந்த உரிமை தானாக வந்துவிடவில்லை. 1932-ஆம் ஆண்டு ஏப்ரலில், மஞ்செஸ்டர் வட்டாரத் தொழிலாளர் சில நூறு பேர், கிண்டர் ஸ்கௌட் என்னும் மேட்டு நிலத்தில் தடையை மீறி நடந்தார்கள். ஐந்து பேர் சிறைக்கும் போனார்கள். 1949-இல்தான் பொதுப் பாதைகளையெல்லாம் வரைபடத்தில் குறித்துக் காக்கும் சட்டம் வந்தது. ஆலைத் தொழிலாளர் கேட்டு வாங்கிய நடை அது என்பதால் இதைச் சொல்கிறேன்.

நம் நாட்டில் அப்படிச் சட்டம் இல்லை. தோட்டத்துச் சாலை தோட்டத்துக்குச் சொந்தம். ஆகவே தோட்டத்துக்குள் நடப்பதென்றால், அங்கேயே குடியிருப்பவராக இருந்தாலும், அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். பக்கத்துத் தோட்டமென்றால் கட்டாயம் கேட்க வேண்டும். முறையாகக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். எந்தப் பகுதியில் அன்று மருந்து அடிக்கிறார்கள், எங்கே அறுவடை நடக்கிறது என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

இன்னொரு வசதியும் இப்போது கூடியிருக்கிறது. ஜொகூரில் 2014 முதல் வெள்ளியும் சனியும் வார ஓய்வாக இருந்தன. 2025 சனவரி முதல் மீண்டும் சனி, ஞாயிறு ஆகிவிட்டது. தோட்டத்தில் ஞாயிறு ஓய்வு, பள்ளியில் வேறு நாள் ஓய்வு என்று தகப்பன் ஒரு நாளும் பிள்ளை ஒரு நாளும் வீட்டில் இருந்த நிலை பல குடும்பங்களில் மாறியிருக்கிறது.

குளுவாங் நகரை நடுவில் வைத்து மூன்று நடைகளைச் சொல்கிறேன். வேறு ஊரில் இருப்பவர்கள் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

முதலாவது, நகருக்குள்ளேயே. சிறு பிள்ளைகளுக்கும் முழங்கால் வலி உள்ள பாட்டிமார்களுக்கும் இதுவே ஏற்றது. காலை ஏழரை மணிக்குச் சந்தையில் தொடங்குங்கள். கீரை வகைகளையும் மீன் வகைகளையும் பிள்ளைகள் தமிழிலும் மலாயிலும் பெயர் சொல்லட்டும். அங்கிருந்து இரயில் நிலையப் பக்கம் வாருங்கள். கிம்மாசிலிருந்து ஜொகூர் பாரு வரை தண்டவாளம் முழுமையாக இணைந்தது 1909-ஆம் ஆண்டில். அதற்கு முன் ஜொகூரின் உள்நாடு பெரும்பாலும் காடு. போக்குவரத்து ஆற்று வழியே. இரயில் வந்த பிறகே இருபுறமும் பால்மரத் தோட்டங்கள் பெருகின, குளுவாங் ஒரு நகராக எழுந்தது. கப்பலில் வந்திறங்கிய நம் முன்னோரில் பலர் இந்த இரயில் பாதை வழியாகத்தான் உள்நாட்டுத் தோட்டங்களுக்குள் வந்து சேர்ந்தார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் எந்த நிலையத்தில் இறங்கினார் என்ற செய்தி குடும்பத்தில் யாருக்காவது தெரிந்திருந்தால், அதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

இந்த நிலையத்தில் 1938-இல் தொடங்கிய காப்பிக் கடை நாடறிந்தது. கரி அடுப்பில் வாட்டிய ரொட்டியும் காயாவும் கட்டிக் காப்பியும் அதன் புகழ். இப்போது வேறு பல இடங்களிலும் அதற்குக் கிளைகள் இருக்கின்றன. அங்கே பசியாறுவதும் வீட்டிலிருந்து இட்டிலி கட்டிக்கொண்டு போவதும் உங்கள் விருப்பம். இட்டிலிதான் மலிவு.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. அந்தக் காலத்தில் தோட்டத்திலிருந்து நகருக்குத் தண்டவாளத்தின் மேலேயே நடந்து வந்த பெரியவர்கள் பலர் உண்டு. டீசல் வண்டியின் சத்தம் தொலைவிலேயே கேட்கும், விலகிக்கொள்வார்கள். அந்தப் பழக்கத்தை மறந்துவிடுங்கள். இன்றைய மின்சார இரயில் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் சத்தமில்லாமல் வரும். மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட்டு மின்சாரம் பாய்கிறது. வேலியைத் தாண்டுவதோ, மேம்பாலத்திலிருந்து குச்சியையோ பட்டத்தையோ நீட்டுவதோ உயிருக்கு ஆபத்து.

குளுவாங் என்ற பெயரே ஒரு வௌவாலின் பெயர். மலாயில் 'கெலுவாங்' என்றால் பழந்தின்னி வௌவால். சிறகை விரித்தால் ஒன்றரை மீட்டர் வரை இருக்கும் பெரிய உயிர். இந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் அவை மிகுதியாக இருந்ததால் ஊருக்கு அந்தப் பெயர் வந்தது என்பார்கள். வௌவால் என்றாலே நம்மவர்களுக்கு ஓர் அருவருப்பு. ஆனால் டுரியான் பூ இரவில் மலர்கிறது. அதன் மகரந்தத்தைப் பூவுக்குப் பூ கொண்டு சேர்ப்பவை பெரும்பாலும் வௌவால் இனங்களே. அவை இல்லாவிட்டால் டுரியான் காய்ப்பது அரிது. அதற்காகக் கையில் பிடித்து விளையாடவும் கூடாது. 1998, 1999-ஆம் ஆண்டுகளில் நம் நாட்டில் நூற்றுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட நிப்பா கிருமி, பழந்தின்னி வௌவால்களிடமிருந்து பன்றிகளுக்கும் அவற்றிலிருந்து மனிதருக்கும் பரவியது. ஆகவே வௌவாலைத் தொடாதீர்கள். மரத்தடியில் விழுந்து கிடக்கும், பாதி கடித்த பழத்தைப் பிள்ளைகள் எடுத்துத் தின்னவும் விடாதீர்கள்.

இனி இரண்டாவது நடை, செம்பனைக் காட்டுச் சாலை. "அதில் பார்க்க என்ன இருக்கிறது? நாள்தோறும் பார்ப்பதுதானே?" என்று சலித்துக்கொள்ளாதீர்கள். எனக்கு மூன்றிலும் மிகப் பிடித்தது இதுதான்.

முதலில் தூரத்தை அளக்கப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுங்கள். செம்பனையைப் பெரும்பாலும் ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் சுமார் 9 மீட்டர் இடைவெளி விட்டு, முக்கோண வடிவில் நடுவார்கள். ஒரு நிரையில் 110 மரங்களைக் கடந்தால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு 220 மரம் போவதும் 220 மரம் வருவதும் போதும். எண்ணிக்கொண்டே நடக்கும் பிள்ளை "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று நச்சரிக்காது. ஏன் சதுரமாக நடாமல் முக்கோணமாக நட்டார்கள் என்று மேல் வகுப்புப் பிள்ளைகளைக் கேளுங்கள். 9 மீட்டர் இடைவெளியில் சதுரமாக நட்டால் ஒரு ஹெக்டரில் 123 மரம், முக்கோணமாக நட்டால் ஏறக்குறைய 142. கணக்குப் புத்தகத்தில் முக்கோணத்தைக் கண்டு முகம் சுளிக்கும் பிள்ளைக்கு இதைக் காட்டலாம்.

அடுத்து, மரத்தின் கழுத்தைப் பாருங்கள். செம்பனையில் ஆண் பூங்குலையும் பெண் பூங்குலையும் தனித்தனி. ஆண் பூ விரல் விரலாக, மாவு பூசினாற்போல் இருக்கும். மலர்ந்த நாளில் அருகில் நின்றால் சோம்பு வாசனை வரும். உற்றுப் பாருங்கள், எறும்பைவிடச் சற்றே பெரிய கூன்வண்டுகள் நூற்றுக்கணக்கில் மொய்த்துக்கொண்டிருக்கும். இந்த வண்டு நம் நாட்டு வண்டு அன்று. செம்பனையும் நம் நாட்டு மரம் அன்று. இரண்டுக்கும் தாயகம் ஆப்பிரிக்கா.

மரம் முதலில் வந்தது. வண்டு வரவில்லை. ஆகவே இங்கே காய் சரியாகப் பிடிக்கவில்லை. என்ன செய்தார்கள்? ஆண் பூவின் மகரந்தத்தைச் சேகரித்து, மாவோடு கலந்து, சிறு ஊதுகருவியால் ஒவ்வொரு பெண் பூவின் மேலும் தூவ ஆட்களை வைத்தார்கள். நம் பெண்கள் பலர் இந்த வேலையைச் செய்தார்கள். மரம் மரமாக, மட்டை முள்ளை விலக்கி, குலை குலையாகத் தூவிக்கொண்டே போக வேண்டும். வண்டு செய்ய வேண்டிய வேலையை மனிதக் கை செய்தது! காற்றுதான் செம்பனையின் மகரந்தத்தைப் பரப்புகிறது என்று அறிஞர்கள் வெகுகாலம் நம்பியிருந்தார்கள். பிறகு கேமரூன் நாட்டில் ஆராய்ந்தபோது, இந்தச் சிறு வண்டுதான் அந்த வேலையைச் செய்கிறது என்பது தெளிவாயிற்று. மற்றப் பயிர்களைக் கெடுக்குமா என்று நன்றாகச் சோதித்த பிறகு, 1981-ஆம் ஆண்டில் அதை இந்நாட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். தீபகற்ப மலேசியாவில் அதை முதன்முதலில் விட்ட இடம் எது தெரியுமா? இதே குளுவாங் வட்டாரத் தோட்டம்தான். அங்கிருந்து நாடு முழுதும் பரவியது. காய்ப்பிடிப்பு உயர்ந்தது. கையால் தூவும் வேலை சில ஆண்டுகளுக்குள் இல்லாமற்போனது. தோட்ட முதலாளிக்கு அது இலாபம். அந்த வேலையை நம்பியிருந்த பெண்களுக்கு என்ன ஆயிற்று என்பதைப் புத்தகங்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

அதனால்தான் இந்த நடையில் பாட்டியை அழைத்துப் போகச் சொல்கிறேன். அந்த வேலையைச் செய்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டியிருப்பார்கள். ஆண் பூ எந்த நாளில் உதிரும், பெண் பூ எந்த நிறத்தில் இருக்கும்போது தூவ வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஒரு நாள் கூலி எவ்வளவு, எந்த மண்டோர் நல்லவர், ஆயாக் கொட்டகையில் பிள்ளையை விட்டுப் போனது எப்படி என்பதும் தெரியும். வீட்டில் உட்கார வைத்துக் கேட்டால் "அதெல்லாம் எதுக்குடா இப்ப?" என்று மழுப்பிவிடுவார்கள். மரத்தடியில் நிறுத்திப் பூவைக் காட்டிப் பாருங்கள், கேட்காமலே பேச்சு வரும். பேசுவதைப் பெரிய பிள்ளை கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளட்டும். பால்மரம் அழித்துச் செம்பனை நட்டாயிற்று, பல தோட்டங்களில் லயங்களை உடைத்தாயிற்று, குடும்பங்கள் நகர வீடுகளுக்குப் போய்விட்டன. பழைய லயம் எங்கே இருந்தது, கோயில் எந்தப் பக்கம், கிணறு எங்கே என்று நின்ற இடத்திலிருந்து கைநீட்டிக் காட்டத் தெரிந்தவர்கள் இன்று அவர்கள் மட்டுமே.

சாலையோரத்தில் இன்னும் சில உண்டு. கம்பத்தின் மேல் மரப்பெட்டி நிற்கிறதா? அது கூகைக்குக் கட்டிய வீடு. எலி செம்பனைப் பழத்தைத் தின்னும், கூகை எலியைத் தின்னும். விடம் வைப்பதைக் குறைக்கத் தோட்டங்கள் கண்ட வழி இது. பெட்டியின் அடியில் கறுப்பு உருண்டைகள் கிடந்தால், கையுறை போட்டுக்கொண்டு ஒன்றைக் குச்சியால் பிரித்துப் பாருங்கள். எலியின் எலும்பும் மயிரும் இருக்கும். கூகை செரிக்காததைக் கக்கிய உருண்டை அது. வழிநெடுக வெள்ளையும் மஞ்சளுமாகக் காலையில் மலர்ந்து நண்பகலில் வாடும் பூச்செடிகள் அழகுக்கு மட்டும் நட்டவை அல்ல. செம்பனை இலையைத் தின்று, தன்னைச் சுற்றிச் சிறு பை கட்டித் தொங்கும் பைப்புழுவுக்கு எதிரி ஒரு சிறு குளவி. அந்தக் குளவிக்குத் தேன் கொடுக்கவே இந்தப் பூக்கள்.

செம்பனைக் காட்டில் கவனிக்க வேண்டியவை சில. அறுவடை நடக்கும் நிரைக்குள் போகவே கூடாது. ஒரு குலை 20 கிலோவுக்கு மேல் இருக்கும், மட்டையின் முள்ளும் கூர்மை. மருந்து அடித்த பகுதியில் அன்றும் மறுநாளும் நடக்க வேண்டாம். எலியைத் தேடி நாகமும் மலைப்பாம்பும் வரும் இடம் அது, ஆகவே சாலை நடுவிலேயே நடங்கள். வெட்டிக் குவித்த மட்டைகளின் மேல் பிள்ளைகள் குதிக்கக் கூடாது. லாரி வந்தால் ஒதுங்கி நின்றுவிடுங்கள், ஓட்டுநருக்குத் தூசியில் சிறு பிள்ளை தெரியாது.

மூன்றாவது, லம்பாக் மலை. நகரிலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கிறது. உயரம் 510 மீட்டர். அடிவாரத்தில் பொழுதுபோக்கு வனப்பகுதியும் ஓடையும் உண்டு. பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அடிவாரமே போதும் என்பது என் கருத்து. உச்சி வரை போனால்தான் போனதாகக் கணக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். அடிவாரக் காட்டில் ஒரு மணி நேரம் நின்று, செம்பனைக் காட்டில் கேட்காத எத்தனை பறவைக் குரல் இங்கே கேட்கிறது என்று எண்ணிப் பார்த்துத் திரும்புவதும் நல்ல நடைதான். ஒரே மரம் மட்டுமே நிற்கும் தோட்டத்துக்கும் நூறு வகை மரம் கலந்து நிற்கும் காட்டுக்கும் உள்ள வேறுபாடு காதுக்கே தெரியும்.

பெரிய பிள்ளைகளோடு ஏறுகிறவர்கள் நேரத்தைக் கணக்கிட வேண்டும். ஸ்காட்லாந்து மலையேறி நெயிஸ்மித் என்பவர் 1892-இல் ஒரு விதி வகுத்தார். ஐந்து கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அது குளிர் நாட்டில், பழகிய பெரியவருக்குச் சொன்னது. நம் வெயிலில், வேர்கள் பின்னிய செங்குத்துப் பாதையில், பிள்ளைகளோடு போகும்போது அதை இரட்டிப்பாக்கிக் கொள்ளுங்கள். ஏறுமுன் பாதை திறந்திருக்கிறதா, அனுமதி வேண்டுமா என்பதை வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் வேண்டும். பிள்ளைக்கு வியர்வை நின்று, முகம் சிவந்து, பேச்சுக் குழறினால் அது வெறும் களைப்பில்லை, உடல் கொதிப்பு. உடனே நிழலில் கிடத்தி, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே உதவிக்கு அழையுங்கள். அட்டை கடித்தால் பயப்பட வேண்டாம், நகத்தால் மெல்லப் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். குரங்குக்குத் தீனி கொடுக்காதீர்கள். கொடுத்துப் பழக்கியவர் போய்விடுவார், அடுத்து வரும் பிள்ளையின் கையிலிருந்து அது பிடுங்கும்.

ஓடையில் பிள்ளைகள் இறங்கி விளையாடும்போது ஒருவர் கண் தண்ணீரின் மேலேயே இருக்க வேண்டும். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் மலையுச்சியில் மழை பெய்துகொண்டிருக்கலாம். தெளிந்த நீர் திடீரென்று கலங்கினால், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால், இரைச்சல் மாறினால், துணிமணியைத் தேடிக்கொண்டு நிற்காமல் மேட்டுக்கு ஏறிவிடுங்கள். மலாய்க்காரர்கள் இதைக் 'கெபாலா ஆயேர்' என்பார்கள், தண்ணீரின் தலை என்று பொருள். சில நிமிடங்களில் ஆளை அடித்துக்கொண்டு போய்விடும். ஆண்டிறுதியிலிருந்து மார்ச் வரை அடைமழைக் காலத்தில் ஓடைப் பக்கமே போகாமல் இருப்பது உத்தமம். 2023 மார்ச்சில் குளுவாங் வட்டாரம் எவ்வளவு வெள்ளம் கண்டது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். இடி கேட்டால் அன்றைய நடையை அத்தோடு முடித்துக்கொள்ள வேண்டும். தனி மரத்தடியில் ஒதுங்கக் கூடாது.

புறப்படும்போது எந்த வழியாகப் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதைப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். காலை ஏழு அல்லது ஏழரைக்கு நடக்கத் தொடங்கிப் பதினொன்றுக்குள் நிழலுக்கு வந்துவிட வேண்டும். மாலையில்தான் முடியும் என்றால் நகர் நடையையும் தோட்டச் சாலை நடையையும் வைத்துக்கொள்ளுங்கள். மலைக்கு மாலையில் வேண்டாம். வெளியே ஏழு மணிக்கு இருட்டும், மரங்களுக்கு அடியில் அதற்கு அரை மணி முன்பே இருட்டிவிடும்.